செங்கல் பொடி போட்டுத் தேய்த்த நான்-ஸ்டிக் சட்டி

கிழக்குத் தாம்பரம்
9-2-92, ஞாயிறு

என் அன்பு மகள் சுந்தரிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். என் முட்டிவலி எங்கள் இரண்டு பேரையும்விடச் சௌக்கியம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று வியாழக்கிழமை மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன். அந்த நான்-ஸ்டிக் சட்டியின் பேருக்கும் சேர்த்துச் செய்யலாம் என்றுதான் போனேன், குருக்கள் நட்சத்திரம் கேட்டார், சட்டி துபாயில் எந்த நாளில் பிறந்தது என்று எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். மற்றபடி ஊர்ச் சமாச்சாரம் விசேஷமாக ஒன்றுமில்லை. தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறது, அதாவது வருவதாகச் சொல்கிறார்கள். உன் சித்தப்பா பள்ளிக்கரணையில் மனை வாங்கியிருக்கிறார், பத்திரத்தில் கிழக்கே சாலை மேற்கே வீடு என்று இருக்கிறது, நேரில் போய்ப் பார்த்தால் நாலு பக்கமும் நாரை நிற்கிறது. கிருகப்பிரவேசத்துக்குப் படகில் போகலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் இன்லண்ட் லெட்டர் வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு தரம் ஒட்டி, பிரித்து, மறுபடி சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தது. தபால்காரருக்கு நம் வீட்டு விஷயத்தில் அவ்வளவு அக்கறை இருக்காது, ஆகையால் பிரித்தது யார் என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. அதே ஆள் இதையும் முதலில் படிப்பார், படிக்கட்டும், உங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதுகிற வேலை எனக்கு மிச்சம். உன் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா பெயருக்கு மாப்பிள்ளை கேசவன் அவர்களின் கடிதமும் வந்து சேர்ந்தது. கம்பெனி பேப்பரில் டைப் அடித்த இங்கிலீஷ், மேலே சப்ஜெக்ட் என்று போட்டு அடிக்கோடு. அப்பா முப்பத்தொரு வருஷமாக ரயில்வே பார்சல் ஆபீசில் இந்த மாதிரிக் கடிதங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார், எங்கேயோ காய்கறிக் கூடை காணாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் கண்ணாடியைத் தேடினார். சப்ஜெக்ட் என்ன தெரியுமா, முட்டை சமைப்பது மற்றும் சமையல் சாமான் சேதம் சம்பந்தமாக. கீழே நம்பர் போட்டு ஏழு குற்றச்சாட்டு. நீ முட்டையை இரும்பு வாணலியில் போட்டு எவர்சில்வர் கரண்டியால் கொத்துகிறாய், வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சள்தூளும் போட்டு முட்டையின் சுபாவத்தையே மாற்றுகிறாய், அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு ஜல்லிக்கல் மாதிரி வறட்டி எடுக்கிறாய், அவர் அண்ணன் துபாயிலிருந்து கொண்டு வந்த சட்டியைப் பாழ் செய்தாய், இந்த விஷயத்தில் பெண்ணுக்குத் தக்க பயிற்சி அளிக்கப்படவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறார். முடிவில் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி. மாமனாருக்கு யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி போட்டுக் கையெழுத்துப் போடுகிற மாப்பிள்ளை இந்தத் தெருவிலேயே நமக்குத்தான் வாய்த்திருக்கிறார். அப்பா அதை மடித்து, ஃபைலில் வைக்கட்டுமா தனம் என்று மட்டும் கேட்டார்.

சட்டி விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், குற்றவாளி நான்தான். புதுச் சட்டி வாங்கினால் அதன்மேல் இருக்கிற கறுப்புப் போகிறவரை செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்க வேண்டும், மூன்று நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும், நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, வெங்காயத்தை வதக்கிக் கீழே கொட்டி, அப்புறம்தான் வாய்க்குப் போகிற எதையும் அதில் செய்யலாம் என்று உனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தவள் நான். கடைக்காரன் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசுகிற கறுப்பு ஒன்று, சட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்கிற கறுப்பு ஒன்று என இரண்டு ஜாதிக் கறுப்பு உண்டு என்று நமக்கு யார் சொன்னார்கள்? அந்தச் சட்டியோடு விவரச் சீட்டு ஒன்று வந்ததாம், அதை மாப்பிள்ளை பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். ரொம்பச் சரி, அதைச் சமைக்கிறவள் படித்துவிட்டால் என்ன ஆவது. நீ மூன்று நாள் தேய்த்து, ஒரு துளிக் கறுப்பு இல்லாமல் வெள்ளிக் கிண்ணமாக்கி, பொங்கலுக்கு மறுநாள் அவர் முன்னால் கொண்டு போய் வைத்து, பார்த்தீர்களா எப்படிப் பழக்கிவிட்டேன் என்று காட்டினாய் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு அருள்மேரி டீச்சர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் மாதம் அவர் அண்ணன் வருவதற்குள் அதே மாதிரிச் சட்டி ஒன்று வாங்கி அனுப்பு, அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீ எழுதியிருந்தாயே, அதற்காக நேற்றுக் காலையில் ரயிலேறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வெளிநாட்டுச் சாமான் என்று பரப்பி வைத்திருந்த ஒரு கடையில் கறுப்பாக, மினுமினுவென்று, நீ எழுதிய அளவிலேயே ஒன்று இருந்தது. ஒட்டாதா என்று கேட்டேன். இன்னாமா இப்டி கேட்டுட்ட, துபாய் சரக்குமா இது, துபாய்ல கூட இப்ப கெடைக்காது என்றான். துபாயிலேயே கிடைக்காதது இங்கே எப்படி வந்தது என்று கேட்டிருக்க வேண்டும், வெயிலில் மூளை வேலை செய்யவில்லை. வீட்டுக்கு வந்து உடனே இரண்டு முட்டையை அடித்து ஊற்றிப் பார்த்தேன். முட்டை ஒட்டவில்லை என்பது வாஸ்தவம்தான், சட்டியின் கறுப்புப் பூச்சுதான் முட்டையோடு வந்துவிட்டது. ருசி பார்க்க உட்கார்ந்த அருள்மேரி டீச்சர், பொடிமாசுக்குக் கடுகு தாளிச்சிருக்கீங்களா என்று கேட்டார். அப்பா ஒன்றும் கேட்காமல் பாதி சாப்பிட்டுவிட்டார், அப்புறம்தான் தட்டைப் பிடுங்கினேன். அந்தச் சட்டி இப்போது துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

விட்டேனா பார். டீச்சருடைய தம்பி மஸ்கட்டில் இருக்கிறார் இல்லையா, அவர் கொடுத்த அசல் நான்-ஸ்டிக் சட்டி ஒன்று டீச்சர் வீட்டில் துணி சுற்றி டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நாலு வருஷத்தில் இரண்டு தரம் வெளியே எடுத்ததாம், இரண்டும் கிறிஸ்துமஸ். அதை ஒரு வேளைக்குக் கடன் கேட்டேன். கொடுத்தார், ஆனால் சட்டியோடு தானும் வந்து, பரீட்சை ஹாலில் நிற்பதைப் போல அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மரக்கரண்டி இல்லாமல் தொடக் கூடாது, சிம்முக்கு மேல் திருப்பக் கூடாது, கழுவுவது தானே கழுவிக்கொள்வார். பாயசம் துழாவுகிற மரக்கரண்டியைத் தேடி எடுத்தேன். இன்றைக்குக் காலையில் பூசைக்குப் போய்விட்டு அவர் நேரே வந்ததும் ஆரம்பித்தோம். ஒரே கூடை முட்டை, ஒரே அடுப்பு, ஒரு தரம் நான்-ஸ்டிக்கில், ஒரு தரம் அலுமினியத்தில், ஒரு தரம் நம் பழைய இரும்பு வாணலியில். மாப்பிள்ளை கடிதத்தில் என்ன முறை இருந்ததோ அப்படியே. இரண்டு முட்டைக்கு ஒரு கரண்டி பால், உப்பு, நுரை வரும்வரை அடித்து, வெண்ணெய் உருகியதும் ஊற்றி, சின்னத் தீயில், கொத்தாமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தள்ளித் தள்ளி எடுப்பது. மஞ்சள்தூள் மட்டும் சிட்டிகை போட்டேன், முட்டை வாடை எனக்கு ஆகாது, அதற்குத் தனியாக ஒரு மெமோ வந்தால் வரட்டும்.

மாப்பிள்ளை இந்த இடத்தில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளட்டும், அவருக்குச் சந்தோஷமான சமாச்சாரம் சொல்லப்போகிறேன். தீயைக் குறைக்கச் சொன்னது ரொம்பச் சரி. நாற்பது வருஷமாக நான் பெரிய தீயில் கொத்திக் கொத்தித்தான் பொடிமாஸ் செய்கிறேன், என் அம்மாவும் அப்படித்தான் செய்தாள், முட்டை இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஈரம் மினுக்கும்போதே இறக்கிவிட வேண்டும், மீதியைச் சட்டியின் சூடே பார்த்துக்கொள்கிறது. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. மூன்று தட்டையும் அப்பா முன்னால் வைத்து, எது எதில் செய்தது என்று கேட்டேன், அவர் மூன்றும் தப்பாகச் சொன்னார். தன் சட்டியைக் கழுவிவிட்டு வந்து ருசி பார்த்த டீச்சரும் இரண்டு தப்பு. அலுமினியத்தில் கொஞ்சம் அடிப்பிடித்தது, தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்தேன், போய்விட்டது. இரும்பு வாணலியில் ஒட்டவே இல்லை. முதலில் நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் விட்டுச் சுழற்றி, அப்புறம் தீயைக் குறைத்து, அந்தச் சூடு கொஞ்சம் அடங்கியதும் வெண்ணெயைப் போட்டு முட்டையை ஊற்ற வேண்டும். வெந்ததும் வாணலியிலேயே விட்டுவைக்கக் கூடாது, உடனே தட்டில் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப் போகும். உனக்குக் கறுத்ததெல்லாம் அதனால்தான். வெங்காயம் வேண்டுமென்றால் தனியாக வதக்கி மேலே தூவிக்கொள். ஆக, சட்டி வாங்கி அனுப்பப் போவதில்லை, அவசியமும் இல்லை. முட்டை விவகாரம் இதோடு தீர்ந்தது.

இனிமேல் எழுதப்போவது முட்டையைப் பற்றி அல்ல. உன் கடிதத்தில் சட்டியைப் பற்றி முக்கால்வாசி இருக்கிறது. மீதியை நான் நாலைந்து தரம் படித்தேன். சட்டியைக் காட்டிய அன்றைக்கு வாயை மூடியவர் இன்னும் திறக்கவில்லை, வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிட்டு ஆபீசுக்குப் போகிறார், ரொம்ப வேடிக்கையாக இருக்கிறது அம்மா என்று எழுதியிருக்கிறாய். சாம்பாரில் உப்புக் குறைவு, சட்டைக் காலர் சரியில்லை, திங்கட்கிழமை பால் வேண்டாம் என்று அந்தச் சீட்டுகளை வரிசையாக எழுதிவிட்டு, பக்கத்தில் ஹாஹா என்று வேறு போட்டிருக்கிறாய். நீ சிரிக்கும்போது ஹாஹா என்று எழுதுகிறவள் இல்லையே கண்ணு. இன்றைக்கு இருபத்துநாலு நாள் ஆகிறது. அவர் முன்னறையில் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனதும் நீ அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறேன் என்கிறாய், ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, ஊசி நூல் எடுத்துப் பிடித்துக்கொண்டேன் என்கிறாய். இதையும் சிக்கனம் பற்றிய நல்ல சமாச்சாரம் மாதிரித்தான் எழுதியிருக்கிறாய்.

இதில் எனக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. போன வருஷம் தீபாவளிச் சமயத்தில், அவர் பத்து நாள் பேசவில்லை அம்மா, நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்ததற்காக, என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று எனக்கு அட்சரம் மறக்கவில்லை. யார் மேல் தப்பு என்று பார்க்காதே, நீயே போய் மன்னிப்புக் கேட்டுவிடு, குடும்பம் என்றால் அப்படித்தான் என்று எழுதினேன். நல்ல புத்தி சொன்னதாக நினைத்து அன்றைக்கு ஒரு தூக்கம் வேறு போட்டேன். நீ கேட்டிருக்கிறாய். இந்தத் தடவையும் மூன்று முறை கேட்டிருக்கிறாய், மூன்றாவது தடவை அவர் சீட்டில் நோட்டட் என்று எழுதி ஒட்டினாராம். மாப்பிள்ளை அவர்களே, உங்கள் கம்பெனியில் மெஷின் கெட்டுப்போனால் அதோடு பேசாமல் இருந்துதான் ரிப்பேர் செய்கிறீர்களா? இவளுடைய அப்பாவும் அதிகம் பேசாதவர்தான். ஆனால் அவர் பேசாமல் இருந்து இந்த வீட்டில் யாருக்கும் ஒரு வேளைச் சோறு இறங்காமல் போனதில்லை. பேச்சுக் குறைவு வேறு, வாயைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது வேறு. சுந்தரி, நீ இனிமேல் சட்டிக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். நான் முன்னால் எழுதியதை அடித்துவிட்டு இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அப்பாவிடம் உன் கடிதத்தைக் காட்ட வேண்டாம் என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். காட்டிவிட்டேன். அவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தார், திருப்பிக் கொடுத்தார், சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தபோது கையில் டிக்கெட் இருந்தது. பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கிளம்புகிறோம், மறுநாள் அங்கே வந்து சேருவோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வராமல் நடுவில் எங்காவது தங்கிவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் தங்கமாட்டோம். நாலு நாள் இருப்போம், மாப்பிள்ளையோடு அப்பா பேசுவார், மாப்பிள்ளை வாயைத் திறந்து பதில் சொல்லட்டும், அவர் தரப்பையும் கேட்கத்தான் வருகிறோம். இருபத்துமூன்றாம் தேதி திரும்புகிறோம். நாங்கள் போக வர ரயில்வே பாஸ் இருக்கிறது. அந்தப் பாஸில் உன் பெயர் இப்போது கிடையாது, உனக்குக் கல்யாணமான மறு மாதமே ஆபீசில் கோடு போட்டு அடித்துவிட்டார்கள், ரயில்வே சட்டப்படி நீ எங்கள் குடும்பத்தில் இல்லையாம். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தறியாத மனுஷன், பொதுஜனத்தோடு கியூவில் ஒன்றரை மணி நேரம் நின்று, ஃபாரத்தில் திரிபுரசுந்தரி, பெண், வயது இருபத்துமூன்று என்று எழுதிக் கொடுத்து, திரும்புகிற வண்டியில் ஒரு முழு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் தெரிந்தவராம், இன்னா சார், நீங்க போயி கியூவுல நின்னுகினு கீறீங்க, யாருக்கு சார் டிக்கெட்டு என்று கேட்டாராம். எங்க வீட்டுப் பொண்ணுக்கு என்று சொன்னாராம். அந்த டிக்கெட்டில் நீ வந்தாலும் சரி, வேண்டாம் அப்பா நான் இங்கேயே இருக்கிறேன் என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாலும் சரி. இரண்டில் எது என்பதை நீதான் சொல்ல வேண்டும், வேறு யாரும் உனக்காகச் சொல்லக் கூடாது, நான் உட்பட.

அதுவரைக்கும் வேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே, உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிடு. நாக்பூரில் காலைக் குளிர் இன்னும் இருக்கும், காதை மூடிக்கொள். நாங்கள் வருகிற அன்றைக்கு எங்களுக்காகப் பெரிதாக ஒன்றும் செய்துவைக்காதே, கட்டுச்சோறு கொண்டு வருகிறேன். மாடம்பாக்கம் கோயில் விபூதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், இட்டுக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். வயதில் சின்னவர், அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது.

இப்படிக்கு,
உன் அம்மா
தனம் பக்தவச்சலம்

சுந்தரிக்கு அப்பா எழுதுவது. டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. உனக்கு லோயர் பர்த், ஜன்னல் பக்கம்.